செருப்புப் பை

எங்கள் வீட்டில் செருப்புப் பை தூக்குவது எப்போதும் நான்தான்.

ஞானாம்பிகை அன்ரி, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பலேர்மோவில் இருக்கிற தமிழரில் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்திக்கடன் வைக்காத குடும்பம் எது? வேதக்காரரும் போகிறார்கள், எங்களைப் போன்ற சைவக்காரரும் போகிறார்கள். பெல்லெகிரினோ மலை அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறி, குகைக்கோயிலில் மெழுகுதிரி கொளுத்திக் கும்பிட்டு, பஸ்ஸில் இறங்குவார்கள். இறங்கும்போது காலில் போடச் செருப்பு வேண்டும். அடிவாரத்தில் விட்டுவிட்டு ஏறினால் திரும்பக் கிடைக்காது. ஆகவே யாராவது ஒருவர் எல்லாருடைய செருப்பையும் பையில் போட்டுக்கொண்டு பின்னால் ஏற வேண்டும். அம்மாவுக்கு நேர்த்தி இருந்தது. அக்காவுக்கும் இருந்தது. எனக்கு இருந்ததில்லை. அவர்கள் நேர்த்தி வைத்ததே எனக்காகத்தான்.

நான் வாய் திறக்காத பிள்ளை. ஊமை இல்லை. வீட்டுக்குள் அக்காவோடு விடிய விடியக் கதைப்பேன். வாசற்படியைத் தாண்டினால் தொண்டை பூட்டிக்கொள்ளும். இத்தாலியப் பள்ளிக்கூடத்தில் எழுதுகிற சோதனை மட்டும் காணாது. ஒவ்வொரு பாடத்துக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, வாயால் சொல்லச் சொல்வார்கள். எனக்குப் பாடம் தெரியும். எழுதினால் நல்ல புள்ளி வரும். எழும்பி நின்றால் கரும்பலகைக்கு மேலே இருக்கிற மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பின்வாங்கில் யாராவது சிரிக்கத் தொடங்குவார்கள். கடைசியில் ஆசிரியை போய் இரு என்பார்.

ஒருநாள் அக்கா அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்து ஆசிரியையோடு கதைத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்:

“காணும், கிருசா. இனிப் போகவேண்டாம். நான் இருக்கிறன் தானே.”

இந்த வசனத்தை நீங்கள் மறக்கக் கூடாது. நான் கேட்டு அவள் இதைச் சொல்லவில்லை. தானாகவே சொன்னாள்.

அதன்பிறகு அக்காதான் என் வாய். பெர்மெஸ்ஸோ விசா புதுப்பிக்கக் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோருக்குப் போனால் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரிடம் அவள் கதைப்பாள். மருந்துக்கடையில் எனக்கு எங்கே வலி என்று அவள் சொல்வாள். பாண் கடைக்காரர் என்னைப் பார்த்து ஏதாவது கேட்டால் அவளுடைய தோள் எனக்கு முன்னால் வந்துவிடும். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே செத்துப்போனார். அம்மா பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு வயதான இத்தாலியச் சின்யோரா வீட்டில் தங்கி வேலை. வியாழன் பின்னேரமும் ஞாயிறும் மட்டும் வருவார். மற்ற நாட்களில் பலேர்மோவின் சீசாப் பகுதியில் இந்த நாலாம் மாடி வீட்டில் நானும் அக்காவும் மட்டுந்தான். அக்கா காலையில் மூன்று வீடு கூட்டித் துடைத்துவிட்டு மத்தியானம் வருவாள். அவளுடைய சாவி பூட்டில் திரும்புகிற சத்தத்தில்தான் எனக்கு அந்த நாள் தொடங்கும்.

தேத்தண்ணியைக் குடியுங்கள், ஆறப்போகிறது.

அக்காவுக்குப் பேசின மாப்பிள்ளை விதுரனைப் பற்றியும் நியாயமாகவே சொல்ல வேண்டும். அவர் நல்ல மனிதர். வடக்கே, பொல்சானோவுக்குக் கிட்ட, ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. அம்மாவுக்குத் தெரிந்த ஒருவர் பேசிக் கொண்டுவந்த சம்பந்தம். அக்காவுக்கும் பிடித்துக்கொண்டது. மே மாதம் கலியாணம், அது முடிந்ததும் அக்கா அங்கே போவாள் என்று முடிவாகியது. இந்த வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் பகேரியாவுக்குப் போய், சின்யோராவின் குசினிக்குப் பின்னால் இருக்கிற அம்மாவின் அறையில் இருந்துகொண்டு அவருக்கு ஒத்தாசையாக இருப்பது என்றும் முடிவாகியது. அந்தச் சின்யோராவுக்குக் காது மந்தம். அவரோடு கதைப்பதென்றால் கத்த வேண்டும்.

இதை எல்லாரும் என் முன்னால்தான் பேசினார்கள். யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டாலும் நான் என்ன சொல்லியிருக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அது பிழையில்லை.

தை மாதம் விதுரன் லீவில் வந்தார். அக்காவுக்குப் பனி பழக்க வேண்டும் என்று மதோனியே மலைகளுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். பலேர்மோவில் கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிற நாளிலேயே அங்கே மேலே பனி கிடக்கும். தனியாகப் போனால் ஆட்கள் கதைப்பார்கள் என்று அம்மா என்னையும் சேர்த்து அனுப்பினார். காரில் நான் பின்னால் இருந்தேன்.

“பனியைக் கண்டு நீர் பயப்பிடக் கூடாது, சுலக்சனா. அங்கை வருசத்திலை பாதி இதுதான்,” என்றார் விதுரன்.

“பாதியோ? சம்பந்தம் பேசேக்கை மூண்டு மாசம் எண்டல்லோ சொன்னனீங்கள்.”

“அது உம்மட அம்மா கேட்டதுக்குச் சொன்னது.”

“பார் கிருசா, தாலி கட்ட முதலே புளுகு. கட்டினாப் பிறகு என்னெல்லாம் வருமோ.”

நான் சிரித்தேன்.

“சிரிப்பு மட்டும் வருது,” என்று அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “வாயைத் திறந்தால் முத்துக் கொட்டுண்டு போயிடும் எண்டு பயம் போலை.”

“அவளோடை கொழுவாதேங்கோ. அந்த முத்தெல்லாம் எனக்கு. வீட்டை போய்த்தான் கொட்டுவாள்.”

அக்கா அப்படிச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லவில்லை. அந்தக் காலை முழுவதும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

புதுப்பனியில் சும்மா சப்பாத்தோடு நடக்க முடியாது, அன்ரி. சப்பாத்துக்குக் கீழே அகலமான ஒரு தட்டைப் பூட்ட வேண்டும். இத்தாலியர்கள் சாஸ்பொலே என்பார்கள். விதுரன் தட்டு என்றே சொன்னார். அடியில் இரும்புப் பல் இருக்கும். அது இருந்தால் பனிக்கு மேலே வாத்து மாதிரி நடந்து போகலாம். சாமான்கள் வாடகைக்குக் கொடுக்கிற ஒரு கொட்டிலில் மூன்று சோடி எடுத்தோம். விதுரன் எங்களுக்கு நன்றாக விளங்கப்படுத்தினார். ஒரு தட்டைக் கழற்றிவிட்டு வெறும் சப்பாத்துக் காலைப் பனியில் வைத்துக் காட்டினார். தொடை வரைக்கும் இறங்கியது. அக்கா இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, இரண்டு பேரும் மல்லாந்து விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தார்கள். ஆகவே தட்டு இல்லாமல் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

கொஞ்சத் தூரம் போவதற்குள் விதுரனுக்குச் சப்பாத்துக் கடித்துவிட்டது. புதுச் சப்பாத்து. பனிநாட்டு மாப்பிள்ளைக்குக் குதிக்கால் பொக்களித்துவிட்டது என்று அக்கா அவரைப் படாத பாடு படுத்தினாள். கொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த தேநீர்க்கடையில் அவரை இருக்கச் சொன்னாள். பாதை முழுவதும் சிவப்புக் கம்பு நட்டு அடையாளம் வைத்திருந்தார்கள். மேலே ஒரு சின்னக் கல்கோயில் தெரிந்தது.

“அதுவரைக்கும் போட்டு வாறம். அக்காவும் தங்கச்சியும் தனியக் கதைக்க ஒரு சந்தர்ப்பம்,” என்றாள்.

“ஓம் ஓம், நீர் கதையும், அவள் கேக்கட்டும்,” என்றார் அவர்.

அந்த மலையைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவ்வளவு சத்தமில்லாத ஓர் இடத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை. இலையில்லாத மரங்கள் பனிக்குள் அரையளவு நின்றன. தட்டு பனியை அழுத்துகிற சத்தம், எங்கள் மூச்சு, வேறு ஒன்றுமில்லை. அங்கே யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வெளியே என் தொண்டை திறந்தது அங்கேதான். எனக்கே வியப்பாக இருந்தது. நான் நின்று, சத்தமாக, முழு வசனமாகச் சொன்னேன்.

“அக்கா, போகாதை.”

அவள் திரும்பிப் பார்த்தாள். முதலில் நான் வெளியில் கதைத்ததற்காகத்தான் அவளுடைய முகம் மலர்ந்தது. பிறகுதான் சொன்னதை விளங்கிக்கொண்டாள்.

“விசரி. நான் என்ன வேறை நாட்டுக்கே போறன்? ஒவ்வொரு நாளும் வீடியோவிலை கதைப்பம்.”

“போகாதை, அக்கா. நீ இருக்கிறன் எண்டு சொன்னனீ.”

“சொன்னன் தான். அப்ப நீ சின்னப் பிள்ளை.” கையுறையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். “நான் சாகுமட்டும் உன்ரை வாயா இருக்கேலுமே, கிருசா? எனக்கும் ஒரு வாய் வேணும் தானே.”

கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னாள். நான் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வீட்டுக்கு வெளியே வாய் திறந்து கேட்டது அந்த ஒன்றைத்தான். அதைக்கூட அவளிடம்தான் கேட்டேன்.

கோயில் மிகவும் சின்னது. கதவு பூட்டியிருந்தது. கதவுக்கு முன்னால் மேலே கூரை போட்ட ஒரு சின்ன நடை. பின்பக்கம், பள்ளத்தைப் பார்த்தபடி, சுவரில் ஒரு கம்பிக்கூட்டுக்குள் மாதா சொரூபம். காற்று அடித்து அடித்துக் கோயிலைச் சுற்றிப் பனி சீமெந்து மாதிரி இறுகியிருந்தது. அதற்கு அப்பால் எல்லாப் பக்கமும் கால் புதைகிற பஞ்சுப் பனி.

“இஞ்சையும் அம்மா இருக்கிறா, பார்,” என்றாள் அக்கா. “கும்பிடாமல் போகலாமே. சப்பாத்தோடை எப்பிடிச் சுத்துறது?”

அவள் நடைப்படியில் இருந்து தட்டைக் கழற்றினாள். சப்பாத்தைக் கழற்றினாள். காலுறையையும் கழற்றினாள். நான் கழற்றச் சொல்லவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலைப் பனியில் வைத்துப் பார்த்துவிட்டு, ஐயோ என்று சிரித்தாள்.

“மூண்டு தரம் ஓடிச் சுத்திப்போட்டு வாறன். நீ நாலு பேரோடை கதைக்கோணும் எண்டுதான் நேர்த்தி. வேறையொண்டும் நான் கேக்கேல்லை.”

சப்பாத்தையும் தட்டையும் என் பக்கம் நீட்டினாள். “இந்தா, பிடி.”

என் முகத்தைப் பார்க்காமலே நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெகிரினோ அடிவாரத்தில் எப்படி நீட்டுவாளோ அப்படி.

இந்த இடத்தில் நீங்கள் என் நிலையில் இருந்து பார்க்க வேண்டும். அவள் எனக்காக எதைக் கேட்டாள்? தான் விட்டுவிட்டுப் போகிற வேலையை வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்டாள். வாடகை வீட்டின் சாவியைக் கொடுப்பது போல என்னைக் கொண்டுபோய் மாதாவிடம் கொடுத்தாள். அவள் கோயிலின் மூலையைத் திரும்பினாள். கைகளைக் கூப்பிக்கொண்டு சின்னச் சின்ன அடியாக ஓடினாள். நான் சப்பாத்துகளை, மலைக்கும் தூக்கிக்கொண்டு வந்திருந்த அந்தச் செருப்புப் பைக்குள் வைத்தேன். காலுறைகளை உருட்டி அவற்றுக்குள்ளே வைத்தேன். தட்டுகளைப் பையின் வாரில் கொழுவினேன். முதல் சுற்று முடிந்து அவள் என்னைக் கடந்து போனாள். குதிக்கால் சிவந்திருந்தது. இரண்டாம் முறை அவள் மூலையைத் திரும்பியதும் நான் நடந்தேன்.

மேகம் அதற்குப் பிறகுதான் வந்தது. கடற்பக்கமிருந்து கீழிருந்து மேலாக ஏறி வந்தது. மேகத்துக்கு நான் பொறுப்பில்லை.

நான் வேகமாக இறங்கவில்லை. சிவப்புக் கம்புகளைப் பார்த்துப் பார்த்து இறங்கினேன். கொஞ்ச நேரம் அவள் அங்கே இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். எங்கும் போக முடியாமல் ஓரிடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவள் கொஞ்சம் அறியட்டும். பிறகு திரும்பிப் போய்க் கொடுக்கலாம் என்று நினைத்தேன். இதை நான் உண்மையாகவே நினைத்தேன். கீழே வந்து சேர்ந்தபோதும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

கொட்டில்காரர் மேசைக்கு முன்னால் வரிசையில் சனம். என் முறை வந்ததும் இரண்டு சோடித் தட்டையும் மேசையில் வைத்தேன். வாடகைக்கு எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது ஒழுங்கு. அவர் பனியைத் தட்டிவிட்டு, “இரண்டு பேரும் வந்தாச்சா?” என்று இத்தாலிய மொழியில் கேட்டார். நான் தலையாட்டினேன்.

இதுவும் உங்களுக்கு விளங்க வேண்டும். கதைக்காத ஆளிடம் கேள்வி கேட்பவர்கள் பதிலையும் கேள்விக்குள்ளேயே வைத்துத்தான் கேட்பார்கள். அது அவர்களுடைய இரக்கம். பசிக்குதா, குளிருதா, பயமா இருக்குதா. நான் தலையை ஆட்டினால் போதும். சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான் பதில் சொல்லி வந்திருக்கிறேன். அன்றைக்கும் புதிதாக ஒன்றும் செய்யவில்லை.

தேநீர்க்கடையில் விதுரன் ஒரு காலைக் கதிரையில் தூக்கிப் போட்டுக்கொண்டு இருந்தார்.

“எங்கை அக்கா? கழிப்பறைக்கே போட்டா?”

தலையாட்டினேன்.

எனக்கு ஒரு சூடான சொக்கலேட் வாங்கித் தந்தார். நல்ல தடிப்பாக இருந்தது. நான் அதைக் கரண்டியால் எடுத்துக் குடித்தேன். கண்ணாடிக்கு வெளியே மலை இல்லாமல் போயிருந்தது. கொஞ்சம் கழித்து, “அங்கை வரிசை போலை,” என்றார். அதற்கும் தலையாட்டினேன். பிறகு அவர் நொண்டிக்கொண்டு போய்க் கழிப்பறைக் கதவைத் தட்டினார். பிறகு வெளியே போய்க் கொட்டில்காரரைக் கேட்டார். இரண்டு சோடியும் வந்துவிட்டது, இரண்டு பேரும் இறங்கிவிட்டார்கள் என்று அவர் அடித்துச் சொன்னார். அதனால் காரைத் தேடினார்கள். வாகனம் நிறுத்துகிற இடத்தைத் தேடினார்கள். ரோட்டு வழியாக ஒரு கார் மெதுவாக ஹோர்ன் அடித்துக்கொண்டு போய்வந்தது. மலையில் யாரும் தேடவில்லை.

விதுரன் எனக்கு முன்னால் முழந்தாளில் இருந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருடைய வாய் கோணிக்கொண்டு போனது.

“கிருசா. என்ரை அம்மா. ஒருக்கா வாயைத் திற. அவள் எங்கை?”

அந்தக் கேள்விக்குள் பதில் இல்லை. ஆகவே என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பொழுது பட்டபோது கடையில் வேலை செய்கிற பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்திருந்து, பதிலையும் சேர்த்துக் கேட்டாள். உன் அக்கா இன்னும் மேலேதானா, என்று. நான் தலையாட்டினேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அதிர்ச்சியில் பிள்ளைக்கு வாய் அடைத்துவிட்டது என்று எல்லாருக்கும் சொன்னாள். பிறகு மீட்புக்காரர் வந்தார்கள். அதற்குள் பனிக்காற்று தொடங்கிவிட்டதால் அவர்கள் மேலே போய்ச் சேர விடிந்துவிட்டது.

அக்கா கோயில் நடையில் கதவோடு ஒட்டிச் சுருண்டு கிடந்தாளாம். ஒரு காலைத் தொப்பிக்குள்ளும் மற்றதைச் சால்வைக்குள்ளும் வைத்துச் சுற்றியிருந்தாளாம். பனிக்குள் இறங்கிப் பார்த்துத் திரும்பி வந்த தடங்கள் எல்லாப் பக்கமும் இருந்தனவாம், ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கிணறு மாதிரி. தூக்கிக்கொண்டு கீழே வந்தபோது அவள் ஒன்றுதான் கேட்டாள். விதுரனுக்கு விளங்கியது, அவர்தான் அழுதுகொண்டு மற்றவர்களுக்குச் சொன்னார்.

“தங்கச்சி கீழை வந்திட்டாளே?”

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறீர்கள், எங்கள் ஆட்களுக்காக மொழிபெயர்த்துக் கதைப்பதற்குத்தானே உங்களை வைத்திருக்கிறார்கள். பனியில் விறைத்துச் செத்துப்போன முன்பாதியை இரண்டு பாதத்திலும் வெட்டி எடுக்க வேண்டி வந்தது. ஏன் வெறுங்காலோடு நின்றாள் என்று டாக்டர்கள் தலையைப் பிய்த்தார்கள். நீங்கள்தான் அவர்களுக்கு நேர்த்தியை விளங்கப்படுத்தினீர்கள். எங்கள் ஆட்கள் யாருமே கேட்கவில்லை. வெறுங்கால் என்றதுமே எல்லாருக்கும் விளங்கிவிட்டது. தட்டுகளை நான் ஏன் கொண்டுவந்தேன் என்பதற்கும் அவர்களே பதில் வைத்திருந்தார்கள். அக்கா முன்னே போகச் சொல்லியிருப்பாள், இவள் சொன்னதைச் செய்கிற பிள்ளை. சப்பாத்துகளைப் பனி மூடிவிட்டது என்றார்கள்.

நீங்கள் ஒருவர்தான் ஆஸ்பத்திரி நடையில் என்னை நிறுத்திக் கேட்டீர்கள்.

“வெறுங்காலோடை சுத்தினது விளங்குது, பிள்ளை. கழட்டின சப்பாத்து எங்கை?”

கேட்டுவிட்டுச் சும்மா நின்றீர்கள். கோயிலுக்குப் போகிற ஒருவரால்தான் அதைக் கேட்க முடியும். கழற்றியது வாசலில் இருக்க வேண்டும். எத்தனை பனி கொட்டினாலும் கூரை போட்ட நடையில் கிடக்க வேண்டும். நான் விட்ட பிழை அது ஒன்றுதான். கை பழகிவிட்டது, அன்ரி. செருப்பென்றால் பைக்குள் போடத்தான் என் கைக்குத் தெரியும்.

அன்றைக்கு அம்மா அழுதுகொண்டு வந்ததால் உங்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். ஓம், நான்தான் எடுத்தேன்.

நீங்கள் என்னைக் கெட்டவள் என்று நினைக்க முதல் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அக்காவின் நேர்த்தி பலித்துவிட்டது. நான் இப்போது உங்களோடு எவ்வளவு நேரமாகக் கதைத்துக்கொண்டிருக்கிறேன். மருந்துக்கடையில் நானே கதைக்கிறேன். கட்டு மாற்ற வருகிற தாதியோடு கதைக்கிறேன். அக்காவின் போனையும் நான்தான் எடுக்கிறேன். விதுரன் ஒவ்வொரு நாளும் எடுப்பார். கால் எப்படிப் போனாலும் கலியாணம் நிற்காது, மாதக் கடைசியில் வாறன், கூட்டிக்கொண்டு போறன் என்கிறார். அக்கா நித்திரை என்று சொல்கிறேன். அக்காவுக்கு இப்போது ஒருவரோடும் கதைக்க விருப்பமில்லை என்று சொல்கிறேன். அவர் எடுத்ததாக அக்காவுக்குச் சொல்வதில்லை, அவள் குழம்பிப் போவாள். அம்மா போகிற இடமெல்லாம் சாந்தா ரொசாலியாவின் புதுமை என்று சொல்லித் திரிகிறார். இப்போது நான் அக்காவின் வாய். அவள் எனக்குச் செய்ததைத்தான் நான் அவளுக்குச் செய்கிறேன்.

அக்காவுக்கும் அமைதி பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த புதிதில் நிறையக் கதைத்தாள். தான்தான் கழற்றிய இடத்தை மறந்துபோனதாக எனக்கு ஆறுதல் சொன்னாள். ஒருநாள் சீப்பால் அவளுக்குத் தலை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். யன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

“கிருசா, நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டதே?”

அந்த மலை எவ்வளவு அமைதி என்று உங்களுக்குச் சொன்னேன். மேகத்துக்குள் சத்தம் இன்னும் கிட்டக் கேட்கும். கிருசா, சப்பாத்து என்று அவள் முதலில் சிரித்துக்கொண்டு கூப்பிட்டாள். பிறகு சிரிக்காமல் கூப்பிட்டாள். பிறகு சப்பாத்தைக் கேட்கவில்லை. பிள்ளை, நில், அசையாதை, நான் வாறன் என்று கத்தினாள். நான் மேகத்துக்குள் வழி தவறிவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். முதல் மரங்கள் வரைக்கும் எனக்கு எல்லாம் கேட்டது.

“இல்லை, அக்கா,” என்றேன். முழுத் தெளிவாக வந்தது, தொண்டை பூட்டவில்லை.

அவள் சீப்பை என் கையிலிருந்து வாங்கிக் கட்டிலில் வைத்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அன்றிலிருந்து அவள் கதைப்பதில்லை. அம்மா வந்தால் தலையாட்டுவாள். நானும் கேள்வியைப் பதிலோடு சேர்த்தே கேட்கப் பழகிவிட்டேன். நீங்கள் முன்பு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எவ்வளவு சமாதானமாக இருக்கிறது.

நீங்கள் இன்றைக்கு வந்த காரணம் எனக்குத் தெரியும். அக்காவின் கால் அளவுக்குச் செய்த சப்பாத்து வந்து கனநாள் ஆகிவிட்டது. போட்டுப் பார்க்கவும் நடைபழகவும் அவள் ஏன் வரவில்லை என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள். முன்பக்கம் உள்ளே அடைத்து, தோலால் நல்ல உறுதியாகச் செய்திருக்கிறார்கள். அதைப் போட்டால் படி இறங்கலாம் என்று கொண்டுவந்தவர் சொன்னார். ரயிலும் ஏறலாம் என்றார். நான்தான் கையெழுத்து வைத்து வாங்கினேன்.

ஒளித்து வைக்கவில்லை, அன்ரி. உங்கள் கதிரைக்குப் பின்னால் கதவில் கொழுவியிருக்கிற பையைப் பாருங்கள். அதே பைதான். மலைச் சப்பாத்து அடியில் இருக்கிறது, கடுதாசி அடைத்துக் காயவைத்துவிட்டேன். புதியது மேலே இருக்கிறது. அவளுடைய சப்பாத்தை நான் ஒருநாளும் தொலைத்ததில்லை. அக்கா கேட்டால் இந்த நிமிடமே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அவள்தான் இன்னும் கேட்கவில்லை.